பத்துப் பொருத்தம்

தம்பிக்கு ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். கீமோவில் அடங்கியது. ஆனால் திரும்ப வரக்கூடிய வகை, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வேறொருவரிடம் எடுத்து மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். அண்ணனும் நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம்.

ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டும் என்றே நினைத்திருந்தேன். தம்பி பி பாசிட்டிவ், நான் ஓ பாசிட்டிவ். முதல் நாளே மனசு விட்டுப்போனது. டாக்டர்தான் விளக்கினார்: பார்ப்பது ஹெச்எல்ஏ மரபணுக்களை. 'இது நம்ம செல், இது அந்நியம்' என்று நோய் எதிர்ப்பு அணுக்கள் தெரிந்துகொள்வது அவற்றை வைத்துத்தான். அம்மாவிடமிருந்து ஒரு பாதி, அப்பாவிடமிருந்து ஒரு பாதி வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு.

இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. அண்ணனுக்குப் பாதிதான். எனக்கு 10-க்கு 10. "பத்துப் பொருத்தமும் இருக்குடி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இடுப்பெலும்பைத் துளைப்பார்கள் என்று பலர் பயமுறுத்தினார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வர 5 நாள் ஊசி. மூன்றாம் நாள் முதல் இடுப்பிலும் முதுகிலும் ஒரே குடைச்சல், பாராசிட்டமாலில் தாங்கிக்கொண்டேன். அப்புறம் மெஷினில் நாலரை மணி நேரம். இரண்டு கையிலும் ஊசி, மடக்கவே முடியாது. மூக்கு அரித்தால் அம்மாதான் சொறிந்துவிட்டாள். உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைக்குமாம். கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மேலே தொங்கிய பையில் தக்காளிச் சாறு நிறத்தில் சேர்ந்ததைப் பார்த்தபடியே கிடந்தேன். மாலையே அது தம்பிக்கு ஏறியது, சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதுபோல.

17-ஆம் நாள் அவனுக்கு வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கின. சில வாரத்தில் உள்ளங்கையெல்லாம் சிவந்து தடித்தது. என் அணுக்கள் அவன் தோலைத் தாக்குகின்றன என்றதும் எனக்குத் தாங்கவில்லை. "அதே அணுக்கள்தான் கீமோவுக்குத் தப்பிய புற்றணுக்களையும் கொல்லும்" என்றார் டாக்டர். அச்சு அசலான இரட்டையரிடம் எடுத்தால் இந்தத் தடிப்பு வராதாம். ஆனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுமாம். ஹெச்எல்ஏ பொருந்தியும் மற்ற மரபணுக்களில் எங்களுக்குள் இருந்த வித்தியாசமும் அவனுக்கு மருந்தாகியிருக்கிறது! அதைக் கேட்ட பிறகுதான் அன்று சாப்பிட்டேன். தடிப்பு ஸ்டீராய்டில் அடங்கியது.

போன மாதம் அவனுக்கு குரூப் பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ்.