360 டிகிரி அறிக்கையும் திங்கட்கிழமைக் கூட்டமும்

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவின் தலைவராக இருக்கிறேன். ஃபவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி மூன்றும் என் பொறுப்பு. முதலாளியின் அடுத்த தலைமுறை நிர்வாகத்துக்கு வந்ததும், எங்களைப் போன்ற மூத்தவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். செலவு நிறுவனத்துடையது, நேரம் எங்களுடையது. வேறு நிறுவனங்களில் இதே போன்ற திட்டத்துக்குப் பெயர் கொடுக்கப்பட்டு, என்ன ஏது என்று புரியாமல் விழிக்கும் நண்பர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். 360 டிகிரி மதிப்பீடு (மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்கள் நமக்குப் போடும் மதிப்பெண்), வகுப்பறை, தனி கோச், பிறகு ஒரு சிறு குழு. பணத்தில் பெரும்பங்கு வகுப்பறைக்குப் போகிறது. எனக்குப் பலன் கிடைத்தது மற்ற மூன்றில். ஆகவே வகுப்பறையை முதலில் முடித்துவிடுகிறேன்.

பெரிய அதிகாரிகளை மறுபடி பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கம் புதிதல்ல. ஹார்வர்டில் இதற்கான வகுப்பு 1945-இல் தொடங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் குரோட்டன்வில்லில் தன் பயிற்சிக் கூடத்தைத் திறந்ததும், ஹைதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி வந்ததும் 1956-இல். நான் போனது பெங்களூரில் ஒரு மேலாண்மைக் கழகத்துக்கு. பேராசிரியர்கள் கெட்டிக்காரர்கள், சாப்பாடு நன்றாக இருந்தது, எடுத்த குறிப்புகளை நான் திரும்பப் புரட்டவில்லை. மனதில் நின்றது ஜோஹாரி ஜன்னல் மட்டும். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரு உளவியலாளர்கள் 1955-இல் வரைந்த நாலு கட்டம் அது. அதில் ஒரு கட்டம் பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவற்றுக்கானது. பதவி ஏற ஏற அந்தக் கட்டம் வீங்கிக்கொண்டே போகிறது, ஏனென்றால் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 360 டிகிரி மதிப்பீடே அதற்காகத்தான்.

உங்களைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும் என்ற பட்டியலை நீங்களே தயாரிப்பீர்கள்: மேலதிகாரி, சக தலைவர்கள், உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்பவர்கள், முடிந்தால் ஒரு டீலரோ சப்ளையரோ. வாராவாரம் என்னோடு மல்லுக்கு நிற்கும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவரை நான் முதலில் எழுதினேன். வேண்டியவர்களை மட்டும் போட்டால் கிடைப்பது பாராட்டுப் பத்திரம்தான். கீழே உள்ளவர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துத்தான் காட்டுவார்கள். ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் வந்தால் அதைத் தனியாகக் காட்டுவதில்லை என்பது பொதுவான நடைமுறை. எங்கள் திட்டத்திலும் அப்படித்தான்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் சராசரியைப் பார்க்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஐந்துக்கு நாலு என்பது மரியாதைக்குப் போடும் மதிப்பெண். மூன்றரை வந்தாலே அது புகார் என்று எடுத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது, ஒரே விஷயத்தில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார்கள் என்பதை. மேலிருந்து எனக்கு மிக அதிக மதிப்பெண் விழுந்தது ‘முடிவெடுக்கும் வேகம்’ என்ற வரியில். கீழிருந்து மிகக் குறைவாக விழுந்தது ‘மற்றவர்களை முடிவெடுக்க விடுதல்’ என்ற வரியில். இரண்டும் ஒரே குணத்தைத்தான் சொல்கின்றன. கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார்: “சார் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு நாங்கள் பேச என்ன இருக்கிறது?”

அடுத்தது கோச். முதல் சந்திப்பு எம்.டி., கோச், நான் என்று மூவரும் சேர்ந்து உட்கார்வது. இலக்கு என்ன, நிறுவனத்துக்கு எது தெரிவிக்கப்படும், எது தெரிவிக்கப்படாது என்று அங்கேயே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும். எங்களுக்கு வருகைப் பதிவும் இலக்கும் மட்டும் என்று முடிவானது. வேறு ஒரு நிறுவனத்தில் என் நண்பர் கோச்சிடம் மனம் விட்டுப் பேசியது அடுத்த மாதமே சேர்மன் அறையில் ஒலித்தது. அதன் பிறகு அவர் கோச்சிடம் கிரிக்கெட் மட்டும் பேசினார். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழில் மூன்று படிகள் உண்டு: ஏசிசிக்கு 100 மணி நேரம், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500 மணி நேரம் பயிற்சி அளித்த அனுபவம் வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. எனக்கு வந்தவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வார்ப்படம் என்றால் என்னவென்றே தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. தொழில்நுட்பப் பேச்சுக்குப் பின்னால் ஒளிய எனக்கு வழியில்லை.

அவரோடு பேசி ஒரே ஓர் இலக்கை எடுத்துக்கொண்டேன்: திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் கடைசியாகப் பேசுவது.

சொல்வது எளிது. பம்ப்பின் வெளிக்கூடான கேசிங்கில் ப்ளோ ஹோல், அதாவது வாயு அடைபட்டு விழும் குழி, விழுந்து ரிஜெக்ஷன் ஏறியிருந்த சமயம். எண்களைப் படித்து முடித்ததும் எல்லோரும் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ டீ சொல்லலாமா என்றார். இப்படியே சில திங்கட்கிழமைகள் போயின. பிறகு ஒரு நாள், வார்ப்பின் உட்குழிவுக்கான அச்சை (கோர்) செய்யும் கோர் ஷாப்பின் சூப்பர்வைசர், என்னைவிட மூத்தவர், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இரவு ஷிப்டில் மணல் ஆறாமலே திரும்பி வருகிறது, சார். சூட்டு மணலில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கோர் மேல் வியர்த்து நிற்கிறது. உலோகத்தை ஊற்றியதும் அது ஆவியாகிப் போக வழி இல்லாமல் உள்ளேயே குழி விழுகிறது. ஷிப்ட் தொடக்கத்தில் மட்டும் மணலைச் சோதித்தால் இது எப்படித் தெரியும்?”

இது அவருக்கு எத்தனையோ காலமாகத் தெரியும். அப்படியானால் ஏன் லைனை நிறுத்தவில்லை? இந்தக் கேள்வியைத்தான் குழுவுக்கு எடுத்துப் போனேன்.

குழு முறை ரெக் ரெவான்ஸ் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். 1940-களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் பணியாற்றியபோது, சுரங்க மேலாளர்களுக்கு வெளியாள் பாடம் நடத்துவதைவிட அவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் கற்பதே மேல் என்று வாதாடினார். எங்கள் குழுவில் சிமென்ட், வங்கி, மருத்துவமனை என்று வெவ்வேறு துறைக்காரர்கள். ஆளுக்கொரு உண்மையான சிக்கலோடு வர வேண்டும். யாரும் ஆலோசனை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான். ஆலோசனை சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது பெரிய தண்டனை. சிமென்ட்காரர் “நீங்கள் ஏன் இப்படிச் செய்யக்கூடாது?” என்று கேள்விக்குறி போட்டு ஆலோசனை சொல்லிப் பார்த்தார். நடத்துநர் விடவில்லை.

மருத்துவமனை நிர்வாகி கேட்டார்: “அவர் லைனை நிறுத்தினால் அன்று சாயங்காலத்துக்குள் எத்தனை பேர் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்?”

விரல் விட்டு எண்ணினேன். பிளானிங், மெஷின் ஷாப், டெஸ்பாட்ச், நான். நிறுத்தாமல் ஓட்டினால்? யாரும் கூப்பிட மாட்டார்கள். ரிஜெக்ஷன் அடுத்த வார அறிக்கையில் தரக்கட்டுப்பாட்டின் கணக்கில் வரும்.

அதன் பிறகு செய்தவை சாதாரணமானவை. நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்தோம். மணலுக்காக நிறுத்திய நேரத்துக்கு உரிய டன்னை ஷிப்டின் உற்பத்தி இலக்கில் இருந்து கழித்தோம். சோதனையை ஷிப்டின் நடுவிலும் வைத்தோம். ரிஜெக்ஷன் குறைந்தது. ஆனால் அதே சமயத்தில் மணல் குளிர்விக்கும் இயந்திரமும் வாங்கினோம் என்பதால், எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பயிற்சி நிறுவனம் தன் வெற்றிக் கதைகளில் இதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டது. இயந்திரத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன், பிறகு பதில் இல்லை.

திட்டம் முடியும்போது அதே ஆட்களிடம் ஒரு சிறு மதிப்பீடு மறுபடி எடுத்தார்கள். கீழிருந்து மதிப்பெண் ஏறியிருந்தது. மேலிருந்து ‘முடிவெடுக்கும் வேகம்’ இறங்கியிருந்தது! எம்.டி. ஒரு நாள் வராந்தாவில் நிறுத்தி, “உங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் ஏன் இப்போதெல்லாம் இவ்வளவு நேரம் இழுக்கிறது?” என்று கேட்டார். என்னை மாறச் சொன்னவர்கள், மாறினால் தங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தொடக்கத்தில் ஒரு முறை உட்கார வைத்ததோடு அவரைத் திட்டம் மறந்துவிட்டது. என் கணிப்பில் இத்தகைய திட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்து எங்கள் பர்ச்சேஸ் தலைவர் போகிறார். அவருக்காக மனிதவளத் துறையிடம் இரண்டு விஷயங்கள் கேட்டேன். வகுப்பறை நாட்களைக் குறைத்து அந்தப் பணத்தில் குழுச் சந்திப்புகளைக் கூட்டுவது ஒன்று, எம்.டி.யைத் திட்டத்தின் நடுவிலும் ஒரு முறை உட்கார வைப்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். முதலாவதற்கு, கட்டணம் மொத்தமாகத்தான், பிரிக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது.