வெப்பம் எங்கே போகும்?

தொலை எதிர்காலத்தில் நடக்கும் அறிவியல் புனைகதைகளைச் செம்மைப்படுத்தும் வேலையில், கைக்கு வரும் உயிரினக் குறிப்புகள் பெரும்பாலும் தோற்றத்தில்தான் தொடங்கும்: ஆறு கைகள், கண்ணாடித் தோல், நிலா அளவு மூளை. தோற்றத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இரண்டு கணக்குகளை முதலில் போடுவது நல்லது. உடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? உள்ளே உண்டாகும் வெப்பம் எப்படி வெளியேறும்? குணமும் பேச்சும் பயமும் இந்த விடைகளிலிருந்து பிறந்தால்தான் அந்த உயிர் வேடம் போட்ட மனிதனாகத் தெரியாது.

மனித நரம்புகளில் வேகமானவை நொடிக்குச் சுமார் 100 மீட்டர் செய்தி கடத்தும். 100 மீட்டர் நீள விலங்குக்கு அதே நரம்பைக் கொடுத்தால், வாலில் கடி பட்டது தலைக்குத் தெரிய ஒரு நொடி. வாலை இழுக்கச் சொல்லும் கட்டளை போய்ச்சேர இன்னொரு நொடி. ஆகவே வாலுக்கென்று முடிவெடுக்கும் நரம்புத்திரள் வேண்டும். ஆக்டோபஸ் அப்படித்தான் வாழ்கிறது: அதன் சுமார் 50 கோடி நியூரான்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கின்றன. எழுதுபவர்கள் இதுவரை சரியாக வந்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அந்த விலங்கை ஒற்றைக் குரலில் யோசிக்க வைத்துவிடுகிறார்கள். வால் செய்து முடித்ததைத் தலை பிறகு அறிந்து, அதற்கொரு காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டும். சண்டைக் காட்சியில் இந்தத் தாமதம் தெரியாவிட்டால் உடலைப் பற்றிய மூன்று பக்க வர்ணனையும் வீண்.

நிலா அளவு மூளையில் சிக்கல் குறைவு. 3,474 கிலோமீட்டர் விட்டத்தை ஒளி சுமார் 12 மில்லிநொடியில் கடந்துவிடும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே பரவிய மனம் வேறு கதை. ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம். அது மிக மெதுவாகச் சிந்திக்க வேண்டும், இல்லையென்றால் கடிதம் எழுதிக்கொள்ளும் இரண்டு மனங்களாகப் பிரியும்.

அதிகம் தவறுவது வெப்பத்தில்தான். மனித மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது. அதே முறையில் பத்து லட்சம் மடங்கு வேகமாக ஓட்டினால் 2 கோடி வாட். வெற்றிடத்தில் காற்றோ நீரோ இல்லை. வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். 300 கெல்வினில், அதாவது சுமார் 27 டிகிரி செல்சியஸில், ஒரு சதுர மீட்டர் சுமார் 460 வாட்டைத்தான் வெளியேற்றும் என்பதால் ஏறத்தாழ 43,000 சதுர மீட்டர் பரப்பு தேவை. உள்ளங்கை அளவுப் பெட்டியில் அப்படியொரு மனத்தை அடைத்தால் அது எரிந்துபோகும். வெப்பத்தை வெளிவிடும் தகட்டை 600 கெல்வினுக்குச் சூடேற்றினால் பரப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மூளை குளிர்ந்தே இருக்க வேண்டுமானால் வெப்பத்தைத் தகட்டுக்கு ஏற்ற இயந்திரம் வேண்டும், அதற்கும் ஆற்றல் செலவாகும். அந்த மனத்துக்கு வெளியே ஒரு நொடி என்பது உள்ளே பதினொன்றரை நாள். மனிதர் ஒருவரின் ஒரு வாக்கியத்துக்காக அது மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் என்ன செய்கிறது என்று எழுதாதவரை பாத்திரம் உயிர்பெறாது.

எதிர்த்திசையும் உண்டு. தகவலின் மிகச்சிறிய அலகான ஒரு பிட்டை அழிக்க ஆகும் குறைந்தபட்ச ஆற்றல் வெப்பநிலையோடு சேர்ந்து குறையும் என்று 1961இல் இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். ஆகவே சூரியனிலிருந்து வெகுதொலைவில் குளிர்ந்த, நிதானமான மனங்கள் சிக்கனமாக வாழலாம். ஆனால் 30 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் 0.05 வாட்டைக்கூட வெளியேற்றாது. 20 வாட் மனத்துக்கே 400 சதுர மீட்டருக்கு மேல் தேவை. சும்மா நிற்கும் மனிதர் வெளிவிடுவது சுமார் 100 வாட். அவர் காப்புறை இல்லாமல் உள்ளே வந்தால் அந்த மனத்தின் மொத்தச் செலவைப் போல ஐந்து மடங்கு வெப்பம் சேரும். அதனால் சந்திப்பைக் காப்புக் கதவுக்கு வெளியே வைத்து, உரையாடலை வானொலிக்கு மாற்றுவதே சரி.