காஞ்சிக் குறிப்புகள்

பிப்ரவரி 8, 2025, சனி

பல வருட ஆசை இன்றைக்குத்தான் நிறைவேறியது. கைலாசநாதர் கோயில் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் விடிந்ததும் கிளம்பினேன். சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் சுமார் 740இல் காஞ்சியைப் பிடித்தபோது வெட்ட வைத்தது. எனக்குக் கன்னடம் படிக்க வராது, ஆனாலும் அந்த எழுத்துகளின் முன்னால் வெகுநேரம் நின்றேன். 642இல் நரசிம்மவர்ம பல்லவனிடம் வாதாபியைப் பறிகொடுத்த புலிகேசியின் எள்ளுப்பேரன் இவன். பழி தீர்க்க வந்தவன் கோயிலைச் சூறையாடியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. வென்றவன் தன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுவான், சரி. ஆனால் பல்லவ அரசன் ராஜசிம்மன் கட்டிய கோயில், சுற்றிலும் 58 சிறு சன்னதிகளோடு இதோ நிற்கிறதே! விக்கிரமாதித்தனின் ராணி லோகமகாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலிலும் இதன் சாயல்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வைகுண்டப் பெருமாள் கோயில். கட்டியவன் இரண்டாம் நந்திவர்மன், அதாவது விக்கிரமாதித்தனிடம் தோற்றானே, அதே பல்லவன். திருச்சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. எனக்குப் பிடித்தது அவன் அரியணை ஏறிய கதை. வாரிசு இல்லாமல் நாடு தவிக்கிறது, பல்லவர் கிளைவழியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் வந்து கேட்கிறார்கள், அவன் பிள்ளைகளில் மூத்த மூவரும் மறுக்க, கடைசிப் பையன் நான் போகிறேன் என்கிறான். வயது 12. கல் தேய்ந்து முகங்கள் அழிந்துகொண்டே வருகின்றன, பார்க்க மனசு வலித்தது.

பிப்ரவரி 10, திங்கள்

வெளியே போகவில்லை. கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ராஜராஜன் கல்வெட்டில் கைலாசநாதருக்குப் பெயர் ‘கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி’, அதாவது காஞ்சியின் பெரிய கற்கோயில். தஞ்சையில் அத்தனை பெரிய கோயில் கட்டியவனின் கல்வெட்டில் இதற்குப் ‘பெரிய’ என்ற அடைமொழி! படிக்கும்போதே சிலிர்த்தது. அப்புறம் 1364ஆம் ஆண்டுக் கல்வெட்டு வந்தது. குலோத்துங்க சோழன் காலத்தில் இந்தக் கோயில் மூடப்பட்டு நிலங்கள் கைமாறிப் போயின, விஜயநகரத்துக் கம்பண உடையார் காலத்தில்தான் மீண்டும் திறந்து நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். எதிரி காத்ததை நம்மவர் ஆட்சி மூடியது. இதை நாம் பேசுவதே இல்லை, எனக்கு அது குறையாகவே படுகிறது.

பிப்ரவரி 15, சனி

காலையில் திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி. விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபம், கூரையில் தீர்த்தங்கரர் கதை ஓவியங்கள், ஆள் நடமாட்டமே இல்லை. சமணம் இவ்வளவாவது தங்கியது. சீனப் பயணி யுவான் சுவாங் 640 வாக்கில் வந்தபோது நூறு பௌத்த விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார், அவற்றில் ஒரு விகாரைகூட இன்று நிற்கவில்லை. அரசர்கள் மாறினாலும் எல்லாம் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது போலும்.

மதியத்துக்கு மேல் வரதராஜர் கோயில். ஔரங்கசீப் படை வருகிறது என்ற பயத்தில் 1688 வாக்கில் உற்சவரை உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து நீங்கியும் அந்த ஊர்ப் பாளையக்காரர் திருப்பித் தர மறுக்க, படையோடு போய் 1710இல் மீட்டு வந்தவர் முகலாயர் பக்கத்துத் தளபதி லாலா தோடர்மல். யாருக்குப் பயந்து பெருமாள் போனாரோ அவர்கள் ஆளே திருப்பிக் கூட்டி வந்திருக்கிறார். கோயிலில் அவருக்கும் குடும்பத்தாருக்கும் சிலை இருக்கிறது, கும்பிடும் கோலத்தில். ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கொடுத்த மகரகண்டி என்ற கழுத்தணியும் பெருமாள் நகைகளோடு இருக்கிறது.

அதேபோல் காஞ்சியிலிருந்து கொண்டுபோன காமாட்சியின் பொன் உற்சவர் மட்டும் திரும்பவில்லை. அப்படியே இடம் இடமாகப் போய்த் தஞ்சாவூரில் பங்காரு காமாட்சியாகத் தங்கிவிட்டாள். கூடவே போன பூசகர் குடும்பத்தில்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி பிறந்தார். அடுத்த மாதம் தஞ்சாவூர் போகிறேன், மேல வீதியில் அவளையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.