ஹாங்காங் கரையில் ஒரு மாலை: 8 மணிக்கு அல்ல, 5 மணிக்கே போங்கள்

ஹாங்காங் போகிறவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இரவு 8 மணிக்கு கவுலூன் பக்கத்துச் சிம் சா சுய் கரையில் நில்லுங்கள், லேசர் காட்சி நடக்கும். கேமராவோடு போகிறவர்கள் இதைக் கேட்காதீர்கள். நவம்பரில் அங்கே ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வானம் அடர்நீலமாக நிற்கும், கட்டடங்களிலும் விளக்கு வந்திருக்கும். படம் எடுக்க வேண்டியது அப்போதுதான். 8 மணிக்கு வானம் வெறும் கறுப்பு. பின்னால் மலை இருப்பதே படத்தில் தெரியாது.

நான் மணிக்கூண்டிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். பழைய ரயில் நிலையத்தை இடித்த பிறகு அந்த இடத்தில் மிஞ்சி நிற்பது இந்த 44 மீட்டர் கோபுரம்தான். கிழக்கே நடக்க நடக்க எதிர்க்கரையான ஹாங்காங் தீவு விரிகிறது. வலப்பக்கம் 412 மீட்டர் ஐஎஃப்சி கோபுரம், அதன் பின்னால் மாலைச் சிவப்பு. நடுவில் ஐ.எம்.பே வடிவமைத்த பாங்க் ஆஃப் சைனா கட்டடம், முக்கோணம் முக்கோணமாக வெள்ளை விளக்கு. கண்ணை எடுக்கவே முடியவில்லை! கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருப்பது பத்து வினாடி. படகுகள் கலக்கிய தண்ணீர் வழவழவென்று ஆகி, விளக்கு நிறமெல்லாம் அதில் இறங்கிவிடுகிறது. விளம்பரப் பலகைகள் மட்டும் வெளுத்துப் போகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

இந்த நேரத்தில்தான் உல்லாசப் படகுக்கு ஆள் பிடிக்கும் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். தலைக்கு 280 ஹாங்காங் டாலர், நம் காசில் ஏறக்குறைய மூவாயிரம். வேண்டாம் என்றால் 250, அப்புறம் 220. கூடவே நடக்கிறார், லென்ஸுக்கு முன்னால் அட்டையை நீட்டுகிறார். நீலம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் பேரம் பேசுகிறார். அவ்வளவு எரிச்சல் எனக்கு. ஒரு மணி நேரம் சுற்றிக்காட்ட அந்தக் காசு அநியாயம்.

ஏன் அநியாயம் என்றால், மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டார் ஃபெர்ரி துறை இருக்கிறது. 1888 முதல் ஓடுகிற சேவை. சில டாலர்தான் கட்டணம். கீழ்த்தளத்துக்கு இன்னும் குறைவு. டீசல் வாடை வரும், இன்ஜின் சத்தம் காதைப் பிடுங்கும், ஆனால் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். நட்சத்திரத் துளை போட்ட மர இருக்கைகள். படகு போகும் திசைக்கு ஏற்ப முதுகுச் சாய்வைத் திருப்பிக்கொள்ளலாம். எதிர்க்கரையிலுள்ள சென்ட்ரல் போய்ச் சேர பத்து நிமிடம்கூட ஆகாது. படகு அதிர்வதால் நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். ஐஎஸ்ஓவை ஏற்றி வேகமாக எடுங்கள். திரும்பிப் பார்த்தால் கவுலூன் பக்கம் 484 மீட்டர் ஐசிசி கோபுரம், தனியாக நிமிர்ந்து நிற்கிறது. அந்தக் கோணம் சிம் சா சுய் கரையில் எங்கே நின்றாலும் கிடைக்காது. நான் போய்விட்டு வந்து, உடனே மறுபடியும் ஏறினேன்.

லேசர் காட்சியையும் பார்த்தேன். சுமார் பத்து நிமிடம், கூட்டம் நெருக்கித் தள்ளியது, வைத்துக்கொள்ளும்படி ஒரு படமும் தேறவில்லை. பிறகு தெருவோரக் கடையில் சுடச்சுட முட்டை வாஃபிள் வாங்கினேன். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று. படகுக்காரர் கேட்ட காசுக்கு இதில் பத்துக்கு மேல் வாங்கியிருக்கலாம்.

வார இறுதியில் ஃபெர்ரி கட்டணம் சற்றுக் கூடும். முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் ஆக்டோபஸ் கார்டு இருந்தால் சில்லறை தேட வேண்டியதில்லை.