வால் கேமரா

விமானத்துக்குள் இருக்கும் பழுதுகளை எழுதிவைக்கும் கேபின் லாக் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: "வால் கேமரா, படம் மங்கல்." விமானம் மறுபடி கிளம்ப ஒன்றரை மணி நேரம். அதே பக்கத்தில் வேறு பதினொரு புகார்கள். ஓர் இருக்கையில் திரை உறைந்து நின்றுவிட்டது. இன்னொன்றில் ஹெட்ஃபோன் துளைக்குள் யாரோ பல்குச்சியை ஒடித்துவிட்டுப் போயிருக்கிறார். வாலிலிருந்து வெளிக்காட்சியைப் பயணிகளின் திரையில் காட்டும் அந்தக் கேமராவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். கடைசியில் நேரமில்லாமல், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சினிமா ஓடவில்லை என்றால் பயணி சண்டைக்கு வருவார். வெளியே மேகம் தெரியவில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அன்றைக்கு என் கணக்கு அப்படி இருந்தது.

அந்தக் கேமரா பயணிக்காகப் பிறந்ததும் இல்லை. ஏர்பஸ் ஏ340-600 விமானத்தின் நீளம் 75 மீட்டரைத் தாண்டும். ஏ380-இன் இறக்கைகள் நுனிக்கு நுனி ஏறத்தாழ 80 மீட்டர். பைலட் உட்கார்ந்திருப்பது முன்சக்கரத்துக்கும் முன்னால். அதனால் தரையில் திரும்பும்போது, காக்பிட் வளைவைத் தாண்டிப் புல்லுக்கு மேல் போன பிறகுதான் சக்கரம் திரும்ப வேண்டும். பின்சக்கரங்கள் தார் மேல் இருக்கின்றனவா, ஓரத்தில் இறங்கிவிட்டனவா என்று அங்கிருந்து எட்டிப் பார்க்க வழியில்லை. அதற்காக வாலின் உச்சியில் ஒன்று, வயிற்றுப் பகுதியில் ஒன்று என்று கேமரா வைத்தார்கள். படம்தான் இருக்கிறதே, பயணிகளுக்கும் கொடுத்துவிடலாம் என்று திரைகளில் ஒரு சேனலாகச் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கான படங்களுக்கு உரிமம் வாங்கி ஏற்றும் பெட்டியில், யாரும் எடுக்காத, வசனமில்லாத ஒரு படமும் சேர்ந்துகொண்டது இப்படித்தான்.

அதை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்பது விமானத்தோடு போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. போகும் இடத்தில் நம் ஆள் இல்லையென்றால் ஓர் இன்ஜினியரோ டெக்னீஷியனோ கூடவே போவார். எங்கள் தொழிலில் அவருக்கு 'ஃப்ளையிங் ஸ்பேனர்' என்று பெயர். அப்படிப் போன ஓர் இரவு, என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்தாகிவிட்டது. சுற்றிலும் எல்லோருடைய திரையிலும் யாராவது யாரையாவது துரத்திக்கொண்டிருக்க, இவர் திரை மட்டும் கறுப்பாக இருந்தது. பழுதோ என்று, தொழில் புத்தியில் எட்டிப் பார்த்தேன். வால் கேமரா.

"ஒண்ணும் தெரியலையே ஐயா, வேற ஏதாவது போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. அந்த நுனியில விளக்கு மினுக்குது பாருங்க. அது எரிஞ்சா இறக்கை இருக்குன்னு அர்த்தம்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விடியும் நேரத்தில் படம் மெல்ல நிறம் பிடித்தது. முதலில் முதுகின் வளைவு, அப்புறம் இரண்டு இறக்கைகள். காற்று கொஞ்சம் முரடாக இருந்ததால் இறக்கைகள் பறவையுடையவை போல மேலும் கீழும் அசைந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓர் இறக்கைதான் தெரியும். வாலிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து அசைவது தெரியும். பெரியவர் என் கையைத் தொட்டார். "இப்படி வளையுதே, ஒடிஞ்சிடாதா?" வளையாவிட்டால்தான் ஐயா கவலை என்றேன். ஆயுளில் அது சந்திக்கக்கூடிய மிக அதிகமான சுமை எது என்று கணக்குப் போட்டு, அதைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றியும் மூன்று விநாடி ஒடியாமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். என் விளக்கத்தைவிட, பத்து நிமிடம் வளைந்தும் ஒடியாத இறக்கைதான் அவரைச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும்.

இறங்கும்போது பக்கக் காற்று. ஓடுபாதை நேராக இருக்க, விமானத்தின் மூக்கு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஜன்னல் பக்கம் இருப்பவருக்கு இது அவ்வளவாகப் புரியாது. வால் கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். பாதை ஒரு திசை, நாம் ஒரு திசை. நண்டு மாதிரி பக்கவாட்டில் வருகிறோம். நாலைந்து வரிசைகளில் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு பேரும் சினிமாவை விட்டு அந்தச் சேனலுக்கு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரைக்குச் சில அடி மேலே மூக்கு மெதுவாக நேராகத் திரும்பியது, சக்கரம் தொட்டது, இறக்கையின் மேல் தகடுகள் படபடவென்று எழுந்து நின்றன. யாரோ கைதட்டினார்கள்.

திரும்பி வந்து என் சீனியரிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "அதான் சொல்றேன், இறங்கறப்போ அதை அணைச்சு வைக்கணும். பயணிக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" அவர் பேச்சு எப்போதும் டிசி-10 என்ற பழைய விமானத்தில் போய் முடியும். கேமராவை காக்பிட்டுக்குள்ளேயே வைத்து, டேக்ஆஃபைப் பயணிகளுக்கு நேரடியாகக் காட்டிய காலம் ஒன்று உண்டு. 1979 மே 25 அன்று சிகாகோவிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 191 என்ற டிசி-10-இல் அந்த வசதி இருந்தது. தரையை விட்டு எழும்பும் நொடியில் இடது எஞ்சின் கழன்று விழுந்தது; சுமார் அரை நிமிடத்தில் விமானமும். உள்ளே இருந்த 271 பேரும், தரையில் 2 பேரும் இறந்தார்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் இறப்பதை யோசித்துப் பார் என்பார். யோசித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். நானும் பல வருடம் அவர் கட்சியில்தான் இருந்தேன்.

ஆனால் அதே விபத்தில் இன்னொரு விஷயமும் உண்டு, அதை அவர் சொல்ல மாட்டார். காக்பிட்டிலிருந்து அந்த எஞ்சினும் தெரியாது, இறக்கையும் தெரியாது. சக்தி போய்விட்டது என்று பைலட்டுகளுக்குத் தெரிந்திருக்கலாம். எஞ்சினே போய்விட்டதைப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

நான் கட்சி மாறியது ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் 32-ஆம் எண் விமானத்தின் விசாரணை அறிக்கையைப் படித்த பிறகு. 2010 நவம்பர் 4, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஏ380. ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் எஞ்சின் வெடித்து, அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்துக்கொண்டு போயின. காக்பிட்டில் எச்சரிக்கைகள் வரிசையாக வந்து குவிகின்றன. சேதம் என்ன என்று பார்க்க பைலட்டுகளில் ஒருவரான செகண்ட் ஆஃபீசர் கேபினுக்குள் நடந்து வருகிறார். பயணியாக வந்திருந்த அதே நிறுவனத்தின் பைலட் ஒருவர் அவரை நிறுத்தி, தன் முன்னால் இருந்த திரையைக் காட்டுகிறார். வால் கேமரா. இடது இறக்கையிலிருந்து ஏதோ திரவம் ஒழுகுவது அதில் தெரிகிறது. 469 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். கேமராதான் காப்பாற்றியது என்று சொன்னால் அது பொய். காப்பாற்றியது அந்த பைலட்டுகள். ஆனால் பொழுதுபோக்குக்கு என்று நாம் ஒதுக்கி வைத்த சேனலில், அன்றைக்கு அவர்களுக்கு வேண்டிய ஒரு தகவல் ஓடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் நுனி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்க இருந்தேன்.

சீனியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல கேள்வி ஒன்றும் வைத்திருக்கிறார்: நிலைமை மோசமானால் படத்தை அணைப்பது யார், எப்போது? நடுவில் சட்டென்று அணைத்தால் பயம் இரட்டிப்பாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு இதற்கு மேல் பதில் இல்லை.

இப்போதெல்லாம் அந்த வரி லாக்கில் வந்தால் தள்ளிப்போடுவதில்லை. வயிற்றுக் கேமராவுக்குச் சின்ன ஏணி போதும். முன்சக்கரம் வாரியடித்த சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பியிருக்கும். வால்தான் பாடு. ஏ380-இன் வால் நுனி 24 மீட்டர், எட்டு மாடி உயரம். போன முறை பூம் லிஃப்டில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் பனிநீக்கித் திரவம் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது. நடுவில் ஒரு பூச்சி, ஒரு சிறகு மட்டும் மிச்சம். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. சரியாகிவிட்டதா என்று வாக்கி டாக்கியில் கேட்டேன். கீழே காலி கேபினில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் சிரித்தான்.

"ஐந்நூறு திரையிலயும் உங்க மூக்குதான் சார் தெரியுது. கொஞ்சம் தள்ளுங்க... ஆங், இப்ப ஓடுபாதை தெரியுது."