செவுளில் பஞ்சு: ஆக்ஸலாட்டலுக்குப் பூஞ்சை வந்தால்

ஆக்ஸலாட்டல் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் ஒரு சாலமாண்டர். அதன் செவுள் நுனியில் வெள்ளையாகப் பஞ்சு பிடித்திருப்பதைப் பார்த்ததும் கை உப்பு டப்பாவைத் தேடும். அதற்கு முன், கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவை அளக்கும் டெஸ்ட் கிட்டை எடுங்கள். பூஞ்சை என்றே அழைக்கப்படும் சாப்ரோலெக்னியா என்ற இந்த நீர்ப்பூசணத்தின் வித்துகள் நன்னீர்த் தொட்டிகளில் எப்போதும் இருப்பவைதான். நல்ல தோலில் அவை பெரும்பாலும் வேர் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டது என்றால் செவுள் ஏற்கனவே எதனாலோ புண்ணாகியிருக்கிறது. அம்மோனியா சுட்டிருக்கலாம், தண்ணீர் சூடேறியிருக்கலாம், கூட விட்ட மீன் கடித்திருக்கலாம், கூரான கல் கிழித்திருக்கலாம். உப்பு பஞ்சை உதிர்த்துவிடும். காரணம் அப்படியே இருந்தால் பஞ்சும் திரும்ப வரும்.

அது பூஞ்சைதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பூஞ்சை இழை இழையாக எழும்பி நிற்கும். தண்ணீர் அசைந்தால் கூடவே அசையும். உடம்பிலிருந்து மெல்லிய, நிறமில்லாத படலமாகத் தொங்கினால் அது உரியும் பழைய தோல், தானே போய்விடும். பயப்பட வேண்டியது வேறு ஒன்று: எழும்பாமல் தோலோடு தோலாகத் தட்டையாகக் கிடக்கும் சாம்பல் வெள்ளைத் திட்டு, சில சமயம் ஓரத்தில் மஞ்சள் சாயலோடு. காலையில் பார்த்தது மாலையில் பெரிதாகியிருக்கும். அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் படு வேகமாகப் பரவும். இதற்கு உப்பை நம்பி உட்கார்ந்தால் நாள்தான் வீணாகும். ஆன்டிபயாடிக் தேவைப்படும், அதை வெட் (கால்நடை டாக்டர்) பார்த்துத்தான் எழுத வேண்டும். நாய், பூனை மட்டும் பார்ப்பவரைவிட எக்ஸாட்டிக் பிராணிகள் பார்க்கும் டாக்டரைத் தேடுவது நல்லது. அந்த நம்பரை நோய் வருவதற்கு முன்பே போனில் சேமித்து வையுங்கள்.

பூஞ்சைதான் என்று தெரிந்தால் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து டப்பில் விட வேண்டும். சோப்பு படாத, மூடியுள்ள பிளாஸ்டிக் டப் மூன்று தேவை: தங்க ஒன்று, மறுநாள் தண்ணீருக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று. வளர்ந்த ஆக்ஸலாட்டலுக்கு 5 லிட்டராவது பிடிக்கட்டும். மூடியில் துளை போடுங்கள், ஆனால் மூடாமல் விடாதீர்கள், இது குதிக்கும். மேலே ஒரு கறுப்புத் துணி போட்டால் அமைதியாகக் கிடக்கும். டப்பில் ஃபில்டர் கிடையாது, அதனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றியே ஆக வேண்டும். ஒரு நாள் சோம்பல்பட்டால், எந்த அம்மோனியாவிலிருந்து காப்பாற்ற எடுத்தோமோ அதே அம்மோனியாவில் ஊறும்.

தண்ணீர் குளோரின் நீக்கியதாக இருக்க வேண்டும். குளோரின் நீக்கி வாங்கும்போது கற்றாழை, அயோடின் சேர்த்ததைத் தவிருங்கள். சீச்செம் பிரைமைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பிரைம் போட்ட பிறகும் சொட்டு டெஸ்ட்டில் அம்மோனியா காட்டும், ஏனென்றால் அந்தக் கிட் பிரைமோடு கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்தே அளக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. தாது இல்லாத மென்னீர் இதற்கு ஆகாது.

இனி உப்பு. 1 லிட்டருக்கு 2 மட்ட டீஸ்பூன், தராசில் 10 முதல் 12 கிராம். கல் உப்பு ஸ்பூனில் சரியாக நிற்காது, அதனால் நிறுத்துப் போடுவதே மேல். அயோடின் சேர்க்காததா, கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் இல்லாததா என்று பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் கல் உப்பிலும் அயோடின் உண்டு. மீன் கடையில் விற்கும் அக்வேரியம் உப்பு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. எப்சம் உப்பு வேறு சமாச்சாரம், இதற்கு அது வேண்டாம். ஒரு கல்கூட அடியில் தங்காமல் முழுக்கக் கரைந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். கரையாத கல் தோலில் பட்டால் அங்கேயே அடுத்த புண் ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீரும் டப்புத் தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

வலையில் பிடிக்காதீர்கள், விரலும் செவுளும் சிக்கும். கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு மாற்றுங்கள். 10 நிமிடம், காலை ஒருமுறை மாலை ஒருமுறை. போனில் டைமர் வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். முதல் நிமிடத்தில் துள்ளுவது வழக்கம். புரண்டு மல்லாந்தால் நேரம் முடியாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். 15 நிமிடத்தைத் தாண்டினால் உப்பு பூஞ்சையோடு சேர்த்துச் செவுளையும் தோலையும் அரிக்கும். அதிகம் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. குளியல் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசியது போல் விட்டு, பிறகு தங்கும் டப்பில் சேருங்கள். வயிறு நிறைந்திருந்தால் கக்கிவிடும், ஆகவே குளியலுக்கு முன் தீனி வேண்டாம். வளர்ந்தது ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பஞ்சு அழுக்கு நிறமாகிச் சுருங்கித் தானே கழன்று விழும். சாமணத்தால் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். பஞ்சோடு செவுள் இழையும் வரும், அந்த இடத்திலேயே மறுபடி பூஞ்சை பிடிக்கும்.

உப்பைவிட மென்மையாக வேண்டுமென்றால் தேநீர். எந்த வாசனையும் சேர்க்காத கறுப்புத் தேயிலைப் பை ஒன்றைக் கொதிநீரில் ஊறவைத்து, நன்றாக ஆறியபின் 10 லிட்டர் தண்ணீரில் கலக்கலாம். அதிலுள்ள டானின் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். பழுத்து உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலையும் இதே வேலையைச் செய்யும். ஆரம்ப நிலைக்கும், உப்பை நிறுத்திய பிந்தைய நாட்களுக்கும் இது சரி. நன்றாகப் பரவிய பூஞ்சைக்குத் தேநீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

மீன் கடையில் பூஞ்சைக்கென்று நீட்டும் பச்சைப் புட்டி பல சமயம் மாலகைட் கிரீன். அதுவும் ஃபார்மலினும் செம்பு சேர்ந்த மருந்துகளும் வேண்டாம். மீனுக்குச் செதில் இருக்கிறது. இதன் தோல் தண்ணீரில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். மெத்திலீன் புளூ சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது, ஆனால் வெட்டைக் கேட்டு, டப்பில் மட்டும். தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் வாழும், அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும், சிலிகானில் நீலக்கறையும் படியும்.

சூடுதான் நம் ஊரின் பெரிய வில்லன். இதன் பூர்வீகமான சோச்சிமில்கோ மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில், சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில் இருக்கிறது. 16 முதல் 18 டிகிரி இதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் எதிர்ப்புச் சக்தி சரியும். டப்பை ஃபிரிஜ்ஜில் 5 முதல் 8 டிகிரியில் வைப்பதும் பழைய உத்திதான். பூஞ்சை வளர்ச்சி மந்தமாகும், ஆனால் குளிரால் மட்டும் அது சாகாது. 28 டிகிரியிலிருந்து நேராக உள்ளே தள்ளாமல் படிப்படியாக இறக்குங்கள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் இதற்கு இடம் கேட்பது தனிப் போராட்டம். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம் என்பதால் வீட்டில் உள்ளவர்கள் மறுப்பதிலும் நியாயம் உண்டு: மூடி இறுக்கமாக, கீழ்த்தட்டில், தொட்டால் கை கழுவிவிட்டு.

இதற்கிடையே தொட்டியைச் சரிசெய்ய வேண்டும். மிச்சத் தீனியையும் கழிவையும் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். விலங்கு இல்லாத தொட்டியில் அந்தப் பாக்டீரியா பட்டினி கிடக்கும், அதனால் துளித் தீனி போட்டு வையுங்கள். தொட்டியைக் குளிர்விக்க ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவதில் வெப்பநிலை ஏறி இறங்கி அதுவே தொல்லையாகும். ஃபேன் சில டிகிரி குறைக்கும், கடலோர ஈரக்காற்றில் அதுவும் குறைவு. சென்னைக் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் இல்லாமல் முடியாது. பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கோடு, எத்தனை டிகிரி இறக்கும் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சு முழுக்கப் போன பிறகும் இரண்டு நாள் உப்பில்லாத தண்ணீரில் டப்பிலேயே வைத்துப் பாருங்கள். தொட்டியில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள், வெப்பம் 20 டிகிரிக்குக் கீழ் என்று வந்தபின் திரும்ப விடலாம். மூன்று நாள் உப்புக்கும் அசையாத பூஞ்சை, உடம்பில் திறந்த புண், சாப்பிடாமல் மிதந்துகொண்டே இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டர்தான்.

உதிர்ந்த செவுள் இழைகள் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். புதிதாக வருவது குட்டையாக, வெளிறித் தெரியும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி உப்பில் போடாதீர்கள்.