ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால், தெரிந்தவர்கள் பலர் இப்போதுதான் 11க்கு மாறியிருக்கிறார்கள். மாறியதும் எல்லாரும் கேட்பது தலைப்பில் இருக்கும் கேள்விதான்.

எங்கேயும் போகவில்லை, திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பாரின் நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது. டாஸ்க்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். கீழே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியைத் திறந்து, அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' என்று மாற்றினால் எல்லாம் பழையபடி இடது பக்கம் வந்துவிடும். அங்கேயே மேலே விட்ஜெட்ஸ் (செய்தி, வானிலை காட்டுவது), டாஸ்க் வியூ (திறந்திருக்கும் விண்டோக்களை மொத்தமாகக் காட்டுவது) இரண்டையும் அணைத்துவிடலாம், சர்ச் பெட்டியையும் மறைக்கலாம். (விட்ஜெட்ஸை யார்தான் பார்க்கிறார்களோ!)

ஒரே நேரத்தில் நாலைந்து எக்செல் கோப்புகளைத் திறந்து வைப்பவர்களுக்கு, ஒவ்வொன்றையும் டாஸ்க்பாரில் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி ரொம்ப முக்கியம். 2021இல் 11 வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். 2023இல்தான் திருப்பித் தந்தார்கள். அதுவும் பிஹேவியர்ஸ் பகுதியில்தான் இருக்கிறது: 'கம்பைன்' என்று தொடங்கும் வரியில் 'நெவர்' தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், அடிக்கடி தேவைப்படும் செயலியை டாஸ்க்பாரில் முதல் ஐகானாக இழுத்து வையுங்கள். விண்டோஸ் விசையோடு 1 அழுத்தினால் அது திறக்கும், 2 என்றால் அடுத்தது. மவுஸையே தொட வேண்டாம்.